கறுப்பு வில்லை

பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் 'இந்திய அறிவியல் கழகம்' என்று சொல்லிப் பாருங்கள், முழிப்பார். 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொன்னால்தான் வண்டியைக் கிளப்புவார். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். இந்த முறை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்டுக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான். அவனுக்கு இயற்பியல் படிக்க ஆசை. அக்காவுக்கு அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. நடுவில் நான். "நீ சொன்னா கேட்பான்டா தம்பி, கொஞ்சம் எடுத்துச் சொல்லு" என்று அனுப்பிவைத்திருந்தாள்.

ஒரு கூடத்தில் செம கூட்டம். தெர்மோகோல் கிண்ணத்தில் ஒரு கறுப்பு வில்லை, ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரியது. அதன் மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினார்கள். புகை அடங்கியதும் ஒரு குட்டிக் காந்தத்தை மேலே வைத்தார்கள். அது அந்தரத்தில் நின்றது. விரலால் தட்டிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றியது. குழந்தைகள் கைதட்டின. பெரியவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

"மாமா, இதை நாமதான் கண்டுபிடிச்சோமா?"

'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். என் வாயில் வந்தது "கிட்டத்தட்ட." அந்தக் 'கிட்டத்தட்ட'வை விளக்க யஷ்வந்த்பூரிலிருந்து வீடு வரைக்கும் போதவில்லை. பெங்களூர் டிராஃபிக்கிலேயே போதவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனவே இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த வில்லை என்ன சமாச்சாரம் என்று பார்த்துவிடலாம். செம்பு, நிக்கல், மாங்கனீஸ் போன்றவற்றை இடைநிலை உலோகங்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். இவற்றின் ஆக்சைடுகளில் சில அடுக்கடுக்காக அமைந்தவை. கல்யாண வீட்டில் பாயை விரித்து, மேலே ஜமுக்காளம், அதன் மேல் பாய், மறுபடி ஜமுக்காளம் என்று அடுக்கிவைப்பார்களே, அப்படி. பாய் என்பது செம்பும் ஆக்சிஜனும் கட்டம் கட்டமாகப் பின்னிய தளம். ஜமுக்காளம் என்பது லாந்தனமும் ஆக்சிஜனும். பாயில் நீளவாக்கில் எலக்ட்ரான் ஓடும்; பாயை விட்டுப் பாய் தாவுவது கஷ்டம். லாந்தனம் காப்பர் ஆக்சைடு இந்த ரகம். இரண்டு லாந்தனம், ஒரு செம்பு, நான்கு ஆக்சிஜன் என்பதால் ஆய்வகத்தில் 2-1-4 என்பார்கள்.

இதில் ஒரு விசித்திரம். ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி இது மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும். ஆனால் கடத்தாது. ஏன் என்று பெங்களூரில் பேச்சலராக வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு ரூமுக்கு ஒரே ஆள், விருந்தாளி வரக்கூடாது என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லா ரூமிலும் ஒவ்வொருவர் இருக்கிறார். யாரும் யார் ரூமுக்கும் போக முடியாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விரட்டுவதால் இந்த நிலை. நிக்கல் ஆக்சைடில் 1937-லேயே இந்தப் புதிரைக் கவனித்துவிட்டார்கள். நெவில் மாட் என்ற ஆங்கிலேயர் இதை நிறைய ஆராய்ந்ததால் 'மாட் இன்சுலேட்டர்' என்று பெயர் வந்தது. அது மட்டுமில்லை, பக்கத்துப் பக்கத்து ரூம்காரர்கள் எதிரெதிர்த் திசையில் தலைவைத்துப் படுக்கிறார்கள். ஒரு செம்பின் குட்டிக் காந்தம் மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். மொத்தத்தில் காந்தம் பூஜ்யம். எதிர்ஃபெர்ரோ காந்தம் என்று இதற்குப் பெயர். இப்போது நான்கைந்து ரூம்களைக் காலி பண்ணுங்கள். லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ வைத்தால் இதுதான் நடக்கும். காலி ரூம் கிடைத்ததும் எல்லாரும் நகர ஆரம்பித்துவிடுவார்கள். கதையே அந்தக் காலி ரூம்களில்தான் இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1973-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் சி.என்.ஆர். ராவ் இருந்தார். பெங்களூர்க்காரர், பிறகு பாரத ரத்னா வாங்கியவர். அவரும் பி. கங்குலியும் சேர்ந்து அந்த வருஷம் 'மெட்டீரியல்ஸ் ரிசர்ச் புல்லட்டின்' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேலே சொன்ன பாய்-ஜமுக்காள ஆக்சைடுகளில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளந்த கட்டுரை. 2-1-4-ம் அதில் உண்டு. அதே 1973-இல், அதே பத்திரிகையில், பிலிப் ஆண்டர்சன் என்ற அமெரிக்கரும் ஒரு கட்டுரை எழுதினார். கோட்பாட்டு ஆசாமி. முக்கோண வலையில் அமர்ந்த குட்டிக் காந்தங்கள் மேல்-கீழ் என்று ஒழுங்காக நிற்காமல், ஜோடி சேர்ந்து, ஜோடியை மாற்றிக்கொண்டே இருக்கலாமே என்று ஒரு யோசனை. நம்மூர்க் கோலாட்டம் மாதிரி. இப்போது ஒருத்தியோடு குச்சி தட்டுகிறாள், அடுத்த தாளத்தில் வேறொருத்தியோடு. ஆள் மாறுகிறதே தவிர எல்லாரும் எப்போதும் ஜோடியில்தான் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்டுரைகளும் ஒன்றையொன்று சந்திக்க 14 வருஷம் ஆனது. சந்தித்த இடம் பெங்களூர். அதற்குப் பிறகு வருகிறேன்.

மீக்கடத்தி பற்றியும் இரண்டு வரி. 1911-இல் ஹாலந்தில் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர வைத்தபோது அதன் மின்தடை காணாமல் போனது. அதன் பிறகு 62 வருஷம் உலகமே மண்டையை உடைத்துக்கொண்டு 1973-இல் எட்டிய உச்சம் 23 கெல்வின். நயோபியமும் ஜெர்மானியமும் சேர்ந்த உலோகக் கலவையில். அங்கே வண்டி நின்றுவிட்டது. ஆக்சைடு பக்கம் தலைவைத்துப் படுக்காதே, காந்தத் தன்மை உள்ளதைத் தொடாதே என்பது அந்தத் துறையில் எழுதாத சட்டம். பானை ஓடு மாதிரி இருக்கிற ஒன்றைத் திரவ ஹீலியத்தில் முக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? ஹீலியம் என்ன விலை தெரியுமா?

அதனால்தான் 2-1-4-ஐக் கையில் வைத்திருந்த யாருமே அந்தச் சோதனையைச் செய்யவில்லை. கான்பூரில் மட்டுமில்லை. 1979-இல் சோவியத் ரஷ்யாவில் அதில் ஸ்ட்ரான்ஷியம் கலந்தே செய்திருக்கிறார்கள், அதாவது ரூம்களைக் காலி பண்ணியே வைத்திருந்தார்கள், குளிர வைக்கவில்லை. பிரான்சில் கான் நகரத்தில் பெர்னார் ராவோவின் குழு பேரியம்-லாந்தனம்-காப்பர் ஆக்சைடு செய்து, மைனஸ் 100 டிகிரி வரைக்கும் அளந்து, 'நன்றாக மின்சாரம் கடத்துகிறது' என்று 1985-இல் எழுதினார்கள். எந்தப் பத்திரிகையில்? அதே 'மெட்டீரியல்ஸ் ரிசர்ச் புல்லட்டின்'தான்! இன்னும் 140 டிகிரி கீழே போயிருந்தால் நோபல் பரிசு. போகவில்லை. வேதியியல்காரர்கள் அவர்கள், எந்த வினையை வேகப்படுத்த எந்த ஆக்சைடு உதவும் என்பது மாதிரியான கேள்விகள் அவர்களுடையவை.

அந்தக் கட்டுரையை 1985 கடைசியில் ஸ்விட்சர்லாந்தில் ஒருவர் படித்தார். ஜூரிச் பக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த கியோர்க் பெட்னார்ஸ். அவரும் அலெக்ஸ் ம்யூலரும் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஆக்சைடுகளில் மீக்கடத்தியைத் தேடி, எதுவும் கிடைக்காமல் சலித்துப்போயிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் கலவையைச் செய்தார், 1986 ஜனவரியில் குளிர வைத்தார், மின்தடை 11 கெல்வினில் சட்டென்று விழுந்தது. கலவையை மாற்ற மாற்ற அது 30-ஐத் தாண்டியது. ஏப்ரலில் கட்டுரை அனுப்பினார்கள். தலைப்பிலேயே 'சாத்தியமான' என்று ஒரு பயந்த வார்த்தை. அந்தத் துறையில் பொய்யான அறிவிப்புகள் அத்தனை வந்திருந்தன. வருஷக் கடைசியில் டோக்கியோவில் தனாகாவின் குழு, மீக்கடத்துவது 2-1-4 அமைப்புதான் என்று உறுதி செய்த பிறகுதான் உலகம் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த வருஷமே இருவருக்கும் நோபல். இவ்வளவு சீக்கிரம் வாங்கியவர்கள் குறைவு.

இப்போது பெங்களூர். 1987 ஜனவரி முதல் வாரத்தில் இங்கே ஒரு சர்வதேச மாநாடு. காந்தத் தன்மை கொண்ட வேறு வகை உலோகங்களைப் பற்றியது, முன்பே ஏற்பாடானது. ஆண்டர்சன் வந்திருந்தார். இதற்குள் நோபல் பரிசு (1977) வாங்கியிருந்தார். 2-1-4-இன் செம்புத் தளம்தான் தன்னுடைய 1973 கோலாட்டத்துக்குச் சரியான மேடை என்று அவர் முதலில் சொன்னது அந்த மாநாட்டில்தான். காந்தங்கள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருக்கின்றன. கொஞ்சம் ரூம்களைக் காலி செய்தால் அந்த ஜோடிகளே தடையில்லாமல் ஓடும், அதுதான் மீக்கடத்தல் என்றார். மார்ச்சில் கட்டுரையாக வந்தது. அதற்குக் கணித உடம்பு கொடுத்த கட்டுரை அதே வருஷம் வந்தது. அதை எழுதிய மூவரில் முதல் பெயர் ஜி. பாஸ்கரன். அப்போது பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு வேலை செய்துகொண்டிருந்தார். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் பல வருஷம் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கோட்பாடு முழுக்கச் சரியா என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஆனால் இந்தப் பொருள்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அதை ஏற்றோ மறுத்தோதான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஜனவரி கடைசியில் அமெரிக்காவில் மோ-குவென் வூவும் பால் சூவும் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் போட்டு 93 கெல்வினைத் தொட்டார்கள். 77 கெல்வினில் நைட்ரஜன் திரவமாகும் என்பதால் இது பெரிய தாண்டல், ஹீலியம் தேவையில்லை. (அனுப்பிய கட்டுரையில் இட்ரியத்துக்குப் பதில் இட்டெர்பியம் என்று 'தவறுதலாக' அச்சாகி, வெளிவரும் முன்பு திருத்தப்பட்டது. தட்டச்சுப் பிழை என்றார் சூ. நம்பியவர்கள் நம்பினார்கள்.) பெங்களூரில் ராவ் இந்த வகை ஆக்சைடுகளைப் பதினைந்து வருஷமாகக் கையாண்டவர் இல்லையா? அவருடைய குழுவும் இட்ரியம் பக்கம் பாய்ந்தது. எந்த அமைப்பு மீக்கடத்துகிறது, அதன் விகிதம் என்ன என்று அடையாளம் காட்டிய அவர்களுடைய கட்டுரை ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரு பங்கு இட்ரியம், இரண்டு பேரியம், மூன்று செம்பு: 1-2-3. அமெரிக்காவிலும் மூன்று நான்கு ஆய்வகங்கள் அதே வாரங்களில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மார்ச் 18 இரவு நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் இரண்டாயிரம் பேர் முண்டியடித்து, 51 பேர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசி, விடிகாலை மூன்றே கால் வரை நடந்த கூட்டம் பெரிய புகழ் பெற்றது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். 1988-இல் நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியருக்கும் 1-2-3 பைத்தியம் பிடித்துவிட்டது. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் கல்வத்தில் போட்டு, சித்த வைத்தியர் மாதிரி நாள் முழுக்க அரைத்தோம். அழுத்தி வில்லையாக்கி 950 டிகிரியில் சூளை. திரவ நைட்ரஜன் கால்நடை மருத்துவமனையிலிருந்து வந்தது. காளை விந்து பாதுகாக்க அங்கே எப்போதும் வைத்திருப்பார்கள். முதல் தடவை சூளை சூடாகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் வில்லை முழுக்கப் பச்சைத் திட்டு. 1-2-3 ஒழுங்காக உருவாகாவிட்டால் வரும் வேறொரு ஆக்சைடின் நிறம் அது. இரண்டாம் தடவை கறுப்பு வந்தது. காந்தம் மிதந்ததா? ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அன்றைக்கு ராத்திரி விடுதியில் தூங்கவில்லை.

அதற்கப்புறம் இதே டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா ஓய்வு பெறும் வருஷம், தங்கை கல்யாணம். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தேன். வருத்தப்பட்டு எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வில்லையின் கதை ஆனால் வில்லையோடு முடியவில்லை. வில்லை என்பது கோடிக்கணக்கான பொடிப் படிகங்கள் தாறுமாறாக ஒட்டியது. ஒவ்வொரு ஒட்டிலும் மின்னோட்டம் தடுக்கி விழும். பாய்கள் எல்லாம் ஒரே திசையில் விரிந்திருக்க வேண்டுமென்றால் மென்படலமாகத்தான் வளர்க்க வேண்டும்: பொருத்தமான ஒரு படிகத் தட்டின் மேல், அணு வரிசைக்கு அணு வரிசை ஒத்துப்போகும்படி, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில். 1987-லேயே ஐ.பி.எம்.மில் பிரவீண் சௌதரியின் குழு அப்படிச் செய்த 1-2-3 படலத்தில், நைட்ரஜன் குளிரிலேயே, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியருக்கு மேல் ஓட்டிக் காட்டியது. வில்லையில் இதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது.

ஆனால் படலம் செய்வது தலைவலி. மூன்று உலோகமும் சரியான விகிதத்தில் போய் உட்கார வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் ஆவியாகும். இந்த இடத்தில் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த டி. வெங்கடேசன் வருகிறார். 1-2-3 வில்லை ஒன்றை அறைக்குள் வைத்து அதன் மேல் புற ஊதா லேசரை வெட்டி வெட்டிப் பாய்ச்சினால், மேற்பரப்பில் இருப்பது எது எந்தச் சூட்டில் ஆவியாகும் என்றெல்லாம் பார்க்காமல் மொத்தமாகக் கிளம்பிவிடும். வாழைப்பூ வடிவத்தில் ஒரு ஒளிப்பிழம்பு எழும்பி, எதிரே இருக்கும் தட்டில் அதே விகிதத்தில் போய்ப் படியும். லேசரால் படலம் செய்வது 1965-லேயே முயற்சி செய்யப்பட்டதுதான்; சீந்துவார் இல்லாமல் கிடந்தது. 1987-இல் இவரும் கூட்டாளிகளும் 1-2-3-க்கு இதைச் செய்து காட்டியதும் உலகத்தின் ஆக்சைடு ஆய்வகங்கள் எல்லாம் ஒரு லேசர் வாங்கிவிட்டன. கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

லேசரும் அறையும் கையில் வந்த பிறகு செம்போடு ஏன் நிற்பானேன்? பழைய ஆக்சைடுகளையெல்லாம் தூசி தட்டினார்கள். ஹாலந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் 1950-இல் ஜோங்கரும் வான் சான்டெனும் ஆராய்ந்த மாங்கனீஸ் ஆக்சைடு அப்படி ஒன்று. இதில் காந்தத் தன்மையும் மின்கடத்தலும் கை கோத்தவை. குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கம் திரும்பினால் எலக்ட்ரான் சுலபமாகத் தாவும், திரும்பாவிட்டால் தடுமாறும். 1994-இல் இந்த ஆக்சைடின் லேசர் படலத்துக்குக் காந்தப் புலம் கொடுத்தபோது மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் மாறியது என்று ஒரு கட்டுரை வந்தது. 'பிரம்மாண்ட' காந்தமின்தடை என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுதியவர்களில் ஆர். ரமேஷ் ஒருவர், சென்னையில் படித்து, டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் உலோகவியல் முடித்து, பெர்க்லி போனவர். 1996-இல் டோக்குராவின் குழு பாய்-ஜமுக்காள அமைப்பிலேயே மாங்கனீஸைக் கொண்டுவந்து, அதிலும் இந்த விளைவு பெரிதாக இருப்பதைக் காட்டியது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது 1998-இல் நடந்தது. அதே ஜூரிச் ஐ.பி.எம்.மில், அதே 2-1-4-ஐ, அதை விடச் சற்று நெருக்கமான அணு இடைவெளி கொண்ட தட்டின் மேல் வளர்த்தார்கள். படலம் வேறு வழியில்லாமல் அகலத்தில் இறுகி, உயரத்தில் நீண்டது. மீக்கடத்தும் வெப்பநிலை 25 கெல்வினிலிருந்து 49-க்குப் போனது. கலவை அதேதான். உட்கார்ந்த இடம்தான் வேறு.

அந்த உத்திதான் இப்போது நிக்கலுக்குக் கை கொடுத்திருக்கிறது. செம்புக்குப் பக்கத்து வீடான நிக்கலில் இது வருமா என்று முப்பது வருஷமாகத் தேடி, 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹரோல்ட் ஹ்வாங்கின் குழு ஒரு நிக்கல் ஆக்சைடு படலத்தில் பார்த்தது; 15 கெல்வின் வரைதான். 2023-இல் சீனாவில் லாந்தனம் நிக்கல் ஆக்சைடின் ஒரு வகையைப் பயங்கர அழுத்தத்தில் நசுக்கியபோது 80 கெல்வின் பக்கம் வந்தது. அந்த அழுத்தம் வைர முனைகளுக்கு நடுவேதான் கிடைக்கும். 2024 முடிவதற்குள் அதே ஆக்சைடை இறுக்கிப்பிடிக்கும் தட்டின் மேல் மென்படலமாக வளர்த்து, வெளி அழுத்தமே இல்லாமல் 40 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலின் தொடக்கத்தைப் பார்த்துவிட்டார்கள்.

கான்பூரின் 1973 கட்டுரை நிக்கல் ஆக்சைடுகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது என்று பையனிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"அப்போ அவங்க ஏன் மாமா குளிர வெச்சுப் பார்க்கல?"

"யாருமே பார்க்கலடா. அந்தக் கேள்வியே அப்போ இல்ல."

"ஹீலியம் இருந்திருந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கையில் திரவ ஹீலியம் தாராளமாகப் புழங்கும் இடத்தில்தான் 'சும்மா முக்கிப் பார்ப்போமே' என்ற எண்ணம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்யர்களும் செய்யவில்லையே என்றும் கூடவே தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அவன் என் பழைய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான். ஒரு ஃபிலிம் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்த திருச்சி வில்லை அகப்பட்டது. ஓரம் உதிர்ந்துபோய், கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தது. ஈரம் பட்டால் 1-2-3 கெட்டுவிடும். இத்தனை பெங்களூர் மழைக்காலம் தாங்கியதே பெரிசு. இனிமேல் மிதக்காது என்றேன். அதை இரண்டாக உடைத்து உள்ளே என்ன நிறம் என்று பார்க்கலாமா என்று கேட்டான். உடைத்தோம். நடுவில் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை.

அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இன்னும் நான் திருப்பிப் பேசவில்லை.